குறுக்குக் கை

என் தங்கை முதல் பாட்டை இணையத்தில் ஏற்றிய வாரம் அது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஓடியது. அதில் நூற்றெழுபது தடவை ஓட்டியது நான். முப்பது தடவை என் வீட்டுக்காரர். மிச்சமுள்ள பன்னிரண்டு யார் என்று இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும் அவர்கள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் படுக்கை விரிப்பு. என் வீட்டுக்காரர் ஈரத்துணியை மிஷினிலிருந்து அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வருவார். நானும் தங்கையும் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் ரோலருக்குள் கொடுப்போம். ரோலர் என்றால் ஆள் உயரத்துக்குக் கொதிக்கிற இரும்பு உருளை. இந்தப் பக்கம் ஈரமாகப் போனது அந்தப் பக்கம் அப்பளமாக வரும். ஒரு விரிப்புக்கு ஒன்பது விநாடி. பிந்தினால் துணி மடங்கும், முந்தினால் கிழியும்.

அந்த ஒன்பது விநாடிக்காகத்தான் தங்கை பாட ஆரம்பித்தாள். மனசுக்குள் எண்ணினால் தூக்கம் வருகிறது, பாடினால் வரவில்லை என்றாள். பாடினாள் என்று சொல்கிறேனே தவிர, அந்தச் சத்தத்தில் எதிரே நிற்கிற எனக்கே அவள் வாய் அசைவதுதான் தெரியும். எட்டு மணி நேரமும் வாய் ஓயாததால் கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்துவிட்டார்கள். “உங்க ரேடியோவுக்கு ஆப் பண்ற சுவிட்சே கிடையாதா?” என்று என்னைக் கேட்பார்கள். “பிறந்தப்பவே உடைஞ்சு போச்சு” என்பேன்.

மெட்டெல்லாம் நாற்று நடுகிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் பாடுகிற ஜாடை. ஆனால் அதற்குக் கீழே அவள் கிட்டாரில் போடுகிற தாளம் இன்றைக்குப் பிறந்த பிள்ளையையும் காலாட்ட வைக்கும். எழுதுவதும் அவளேதான். குடியிருக்கிறவர்கள் எரிக்கிற பல்பை எண்ணிப் பார்க்கிற வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒன்று. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்ட பஸ் பயணியைப் பற்றி ஒன்று. விரிப்பைப் பற்றி ஒன்று:

*விரிச்சுப் பிடி, விரிச்சுப் பிடி*
*வார்டு நம்பரப் பாத்துப் பிடி*
*நேத்துப் படுத்தவன் எழுந்து போனான்*
*நாளைக்கு வர்றவன் பேரு என்னடி*

பதிவு செய்தது கம்பளி அறையில். கூரை வரைக்கும் கம்பளி அடுக்கிய அறை. கதவைச் சாத்தினால் பக்கத்தில் உலகம் இடிந்தாலும் கேட்காது. சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மிச்ச இருபதில் பாட்டு. போன் ஒரு அலமாரித் தட்டில், தங்கை கிட்டாரோடு தரையில், என் வீட்டுக்காரர் மருந்து வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தட்டுவார், நான் இரண்டாம் குரல். ஒருநாள் சூப்பர்வைசர் அம்மா கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் நடுப்பாட்டில் விறைத்துப்போனோம். அவர் எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், “ரெண்டு கம்பளி குறையுதுன்னு வந்தேன். முடிச்சதும் எண்ணி வைங்க” என்று சாத்திவிட்டுப் போனார்.

ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். பாட்டு நன்றாக இருக்கிறதாம். பெட்டி வேண்டாமாம், அக்கா வேண்டாமாம், குரலில் இருக்கிற கரகரப்பைக் கழுவிவிட்டுப் பாட்டை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டுமாம்.

“கழுவற வேலையெல்லாம் நாங்களே பண்ணிக்குவோம் சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள் தங்கை.

அப்புறம் மூன்று வருஷம் கிடைத்த இடத்தில் எல்லாம் பாடினோம். கல்யாண மண்டபம், செருப்புக்கடைத் திறப்பு, ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. அங்கே பாட்டு நடக்கும்போதே மைக்கைப் பிடுங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். நோட்டீஸ் நான் ஒட்டுவேன். ஊர் ஊராகப் போன் போட்டு இடம் கேட்பதும் நான்தான். பிறகு ஒரு நர்ஸ் எங்கள் விரிப்புப் பாட்டைப் போட்டுக்கொண்டு தன் வார்டில் கட்டில் விரிப்பதைப் படம் பிடித்து ஏற்றினார். பத்தே நாளில் அது எங்கெங்கோ போய், ஆறு லட்சம் தடவை ஓடியது. இந்தத் தடவை நான் ஓட்டியது வெறும் நாற்பதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“மேனேஜர் பேசறீங்களா?”

“ஆமா.” சொல்லிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தேன். “மேனேஜர்னா என்னடி பண்ணணும்?”

“என்னைத் திட்டற மாதிரியே அவங்களையும் திட்டு. அவ்வளவுதான்.”

பேசியது ஒரு பெரிய பாட்டுக் குழுவின் சுற்றுப்பயண மேனேஜர். அவர்கள் எங்கள் ஊரில் சனிக்கிழமை கச்சேரி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பதினோரு ஊர். அவர்களுக்கு முன்னால் மேடையேறிக் கூட்டத்தைச் சூடேற்ற ஒரு சின்னக் குழு வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் எங்களுக்கு. பிடித்தால் பதினோரு ஊரும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் இன்னொரு குழு காத்திருக்கிறது.

பேச்சு முடிந்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்திருந்ததைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் இடது கையில் மூன்று விரல்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் விரிப்போடு சேர்த்து ரோலர் என் கையையும் இழுத்துக்கொண்டது. நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் கத்துவதும் பாடுவதும் ஒன்றுதான். எதிரே நின்ற தங்கை, நான் அவளோடு சேர்ந்து பாடுகிறேன் என்று நினைத்து இரண்டு விநாடி சிரித்தாள். இரண்டு விநாடிக்கு இரண்டு விரல். அவள் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. யாருக்காவது ஆபத்தென்றால், பார்த்தவர் இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே தூக்க வேண்டும். குறுக்குக் கை என்போம். அதைக் கண்டால் யார், ஏன் என்று கேட்கக் கூடாது; செய்கிறதை அப்படியே போட்டுவிட்டு நிற்க வேண்டும், சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பவர் நிறுத்த வேண்டும். மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் “கை காட்டு!” என்பார். எல்லாரும் இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாக் கையும் வெளியேதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ரோலர் சுற்றும். எட்டு வருஷத்தில் குறுக்குக் கை ஐந்து தடவை உயர்ந்தது. ஒரு விரல்கூடப் போகவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கே அரங்கத்தின் பின்வாசலில் நின்றோம். கழுத்தில் பெரிய அட்டை தொங்க, காதில் கருவியும் கையில் பட்டியலுமாக மேனேஜர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பெரிய குழுவின் பெட்டிகள் மலைபோல் குவிந்திருந்தன. எங்களுக்கு ஒதுக்கிய அறையில் கண்ணாடியைச் சுற்றி இருபது பல்பு.

“வீட்டுக்காரம்மா பாத்தா மயக்கம் போட்டுடும்” என்றாள் தங்கை. சிரித்தாளே தவிர, கிட்டார்ப் பட்டையை ஆறு தடவை கழற்றி மாட்டினாள்.

“என்னடி?”

“ரொம்ப அமைதியா இருக்குக்கா. என் குரல் எனக்கே கேக்குது. சகிக்கல.”

“அதைத்தானே நாங்க எட்டு மணி நேரம் சகிக்கிறோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“மாமா, நீங்க பெட்டியைத் தட்டற வேலையை மட்டும் பாருங்க.”

நாலு மணிக்கு மேடையேறினோம். பாதி அரங்கம் காலி. இருந்தவர்களில் பாதிப்பேர் சீட்டு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாலாவது வரிசையிலிருந்து மட்டும் காது கிழிய ஒரு சத்தம்: எங்கள் சலவைக்கூடத்து ஆட்கள் முப்பத்திரண்டு பேர். ஆறரை மணி ஷிப்டுக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சூப்பர்வைசர் அம்மாவே வண்டி பிடித்து அழைத்து வந்திருந்தார். நோயாளிச் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிற பட்டன் அக்கா, பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டில் தங்கை குரல் சின்னதாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதிரே விரிப்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி உதறினேன். அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. இரண்டாம் பாட்டில் கதவோரம் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மூன்றாவதாக விரிப்புப் பாட்டு. அடி எடுத்ததுமே அரங்கத்தில் ஒரு உறுமல் கிளம்பியது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது! நாங்கள் பார்த்தே இராத ஆட்கள், வரிசை வரிசையாக, எங்கள் வார்டு நம்பரை எங்களுக்கே திருப்பிப் பாடினார்கள். நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். இரண்டாம் குரல் போடுகிறவள் வரியை விட்டால் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி. என் வீட்டுக்காரர் பெட்டியை உடைக்கிற மாதிரி அறைந்தார். தங்கை கால் நுனியில் நின்றாள்.

“நேத்துப் படுத்தவன் எழுந்து...”

நாலாவது வரிசையில் குறுக்குக் கை உயர்ந்தது.

நாங்கள் நின்றோம். தங்கையின் குரல் சொல்லின் நடுவில் அறுந்தது. பெட்டி நின்றது, நான் நின்றேன், சலவைக்கூடத்துக்காரர்கள் அத்தனை பேரும் தட்டுகிற கை தட்டியபடி, திறந்த வாய் திறந்தபடி நின்றார்கள். கத்தியால் வெட்டினால்கூட அத்தனை சுத்தமாக வெட்டு விழாது. பின்னால் இருந்த கூட்டமும் என்னவோ என்று அடங்கிவிட்டது. ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் விளக்குகளின் இரைச்சல் மட்டும்.

உயர்ந்த கை பட்டன் அக்காவுடையது. ஆடி ஆடி வேர்த்துப்போய் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கை இரண்டும் குறுக்கே மேலே, முகம் கம்பளிக்குள்ளே. ஒரு இழுப்பு இழுத்துத் தலையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

“என்ன?” என்றார். அரங்கம் முழுக்கக் கேட்டது.

தங்கைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அரங்கத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். பிறகு பழக்கம் அவளை இழுத்துக்கொண்டு போனது.

“கை காட்டு!” என்றாள் மைக்கில்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். எட்டு விரல். என் வீட்டுக்காரர் தூக்கினார். நாலாவது வரிசையில் அத்தனை பேரும் தூக்கினார்கள், பட்டன் அக்கா ஸ்வெட்டரோடு. அதைப் பார்த்துப் பின்வரிசை தூக்கியது, அதற்குப் பின்னால், மாடியில், கடைசி வரைக்கும். ஆயிரம் பேரும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தங்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நிதானமாகப் பார்த்து முடித்தாள். விட்ட சொல்லிலிருந்து எடுத்தாள்: “...போனான்!”

அந்த நேரம் கூரை பிய்த்துக்கொண்டு போகாமல் இருந்தது கட்டியவர்களின் திறமை.

மேடையிலிருந்து இறங்கியதும் மேனேஜர் ஓடிவந்தார். அட்டை முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. “அந்த நிறுத்தம்! இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒண்ணு பார்த்ததில்ல. எத்தனை நாள் ஒத்திகை? ஸ்வெட்டர் போட்ட அந்த அம்மா உங்க ஆளா? பதினோரு ஊர்லயும் இது வேணும். அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வர்றீங்களா?”

“வர்றோம் சார்!” என்றேன் நான்.

“அது முடியாது சார்” என்றாள் தங்கை.

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை உருவிக்கொண்டு, குறுக்குக் கை என்றால் என்னவென்று நாலு வரியில் அவருக்குச் சொன்னாள். “பாட்டு உங்களுக்கு. அந்தக் கை மட்டும் வேண்டாம். இன்னிக்கு நடந்தது தவறி நடந்தது.”

“ஆனா இன்னிக்குக் கூட்டம் எழுந்தது அதுக்குத்தாம்மா. அது இல்லேன்னா நீங்க நல்லாப் பாடற நூறு பேர்ல ஒருத்தர்.” அவர் பட்டியலைப் புரட்டினார். “யோசிச்சுச் சொல்லுங்க. அரை மணியில நான் அந்த இன்னொரு குழுவுக்குச் சொல்லணும்.”

அவர் நகர்ந்ததும் அவளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனேன். “மூணு வருஷம் நாயா அலைஞ்சது இதுக்குத்தானேடி? விரல் போனது எனக்கு. நான் சொல்றேன், பரவால்ல. ஒத்துக்கோ.”

“விரல் உன்னுதுதான்க்கா. கை தூக்கினா நிக்கறது எல்லாரோடதும்.”

“பெரிய தத்துவம் பேசாத.”

“தத்துவம் இல்ல. இதை ஆறு லட்சம் பேர் பாப்பாங்க. நம்ம கூடத்துல புதுசா வர்றவளும் பாப்பா. நாளைக்கு ஒருத்தி கையைத் தூக்கும்போது, ஏதோ பாட்டுக்கு ஆடறாள்னு எதிர்ல நிக்கறவ சிரிப்பா.” நிறுத்தினாள். “ரெண்டு விநாடி சிரிச்சா போதும்க்கா. எனக்குத் தெரியும்.”

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள். ஆனால் பதினோரு ஊரையும் விட மனசில்லை. மேனேஜர் என்றால் திட்ட வேண்டும் என்றுதானே சொன்னாள்? நேரே அட்டைக்காரரிடம் போனேன்.

“சார், நூறு பேர்ல ஒருத்தர்னு சொன்னீங்க. நிறுத்தம் இல்லாம இந்தப் பாட்டை நீங்க முழுசாக் கேட்டீங்களா? கேக்காம எப்படிச் சொல்றீங்க? துணியை மோந்து பாத்தே வெளுத்தாச்சுன்னு சொல்ற ஆளா நீங்க?”

“அம்மா, எனக்கு நேரமில்ல. இந்தப் பெட்டியெல்லாம் மேடை ஏறணும். நாப்பது நிமிஷ வேலை.”

“வேலை நடக்கட்டும் சார்” என்று பின்னாலிருந்து தங்கை சொன்னாள். “நாங்க வேலை நடக்கற இடத்துலதான் பாடிப் பழகினோம்.”

கிட்டாரை மாட்டினாள். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்ட காலிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். மைக் இல்லை, விளக்கு இல்லை. சிமெண்டுச் சுவர், டீசல் வாடை, சக்கரம் உருள்கிற சத்தம், பத்துப் பதினைந்து சுமையாட்களின் அதட்டல். தங்கைக்கு அமைதி என்கிற தொல்லை விட்டது. அந்தச் சத்தத்துக்குமேல் குரலைத் தூக்கிப் போட்டாள். இதுதான் என் எதிரே பதினான்கு வருஷமாக அசைந்த வாய். ரோலர் சத்தத்தில் இதைத்தான் நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

முதல் அடியில் யாரும் திரும்பவில்லை. இரண்டாவதில் ஒருவர் தள்ளுகிற பெட்டி தாளத்துக்கு வந்தது. சக்கரம் உடைந்த கனத்த பெட்டி ஒன்றை நாலு பேர் தூக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். “விரிச்சுப் பிடி” என்று அவள் எடுத்ததும் அந்தப் ‘பிடி’யில் நாலு பேரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். பெட்டி எழும்பியது. அடுத்த ‘பிடி’க்கு மேடைச் சரிவில் ஏறியது. அதற்கப்புறம் யாரும் யாரையும் அதட்டவில்லை. ஒன்பது விநாடிக்கு ஒரு பெட்டி. போகிறவன் வருகிறவனுக்கு வழி விட்டான். பாட்டு முடிந்ததும் ஒரு சுமையாள், “நிறுத்தாத தங்கச்சி, இன்னும் இருக்கு!” என்று கத்தினார். மறுபடி எடுத்தாள். நாலு தடவை பாடினோம். என் வீட்டுக்காரர் கை சிவந்து வீங்கிவிட்டது. அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டே அடித்தார்.

கடைசிப் பெட்டி ஏறியதும் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறை தட்டிப் பார்த்தார், கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“இருபத்தேழு நிமிஷம்” என்றார்.

சுமையாட்களின் தலைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “சார், இவங்க நம்மகூட வராங்களா? வந்தா எங்க முதுகு பிழைக்கும்.”

மேனேஜர் தங்கையைப் பார்த்தார். “அந்தக் கை இல்லாமலே?”

“இல்லாமலே.”

அவர் பட்டியலில் எதையோ அடித்தார். எந்தப் பேரை அடித்தார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “வியாழக்கிழமை காலைல ஏழு மணி, இதே பின்வாசல். ஆளுக்கு ஒரு பைதான். மரப்பெட்டிக்கு நான் இடம் பண்றேன்.”

தங்கை இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “ரெண்டும்” என்று எனக்குச் சொன்னார்.

நான் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது, எடுக்கவில்லை. வெளியே எங்கள் ஆட்கள் ஷிப்டுக்குக் கிளம்ப வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டவர் டிரைவர். அவர் கச்சேரி பார்க்கவில்லை. நாங்கள் யார் என்றும் அவருக்குத் தெரியாது. சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“பதினோரு ஊருங்க! பதினோரு ஊரு!”

அவர் என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். “இந்த வண்டி அவ்வளவு தூரம் தாங்காதும்மா” என்றார்.

அதற்குள் உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கத் தொடங்கியது.